மாட்ரிட் வீதிகளில் அல்காரியாத் தேன்காரர்

குவாதலஹாராவில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் மாணவி இங்கே கேட்டிருக்கிறார். ஊர்த் திருவிழா ஒன்றில், கறுப்பு மேலங்கியும் தோளில் முன்னும் பின்னும் தொங்கும் பையும் கையில் மூடி போட்ட வாளியுமாக ஒருவர் "மியெல் தே லா அல்காரியா!" (அல்காரியாவின் தேன்!) என்று கூவிக்கொண்டு வந்தாராம். இளைஞர்கள் படம் பிடித்தார்களாம். பக்கத்தில் நின்ற மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "இப்படித் தெருவில் தேன் விற்றவர்கள் உண்மையிலேயே இருந்தார்களா, சுற்றுலாவுக்காகப் போடும் வேஷமா? தேன் விற்பவருக்குச் சிலை வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்பது அவருடைய கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது உடையைப் பற்றியும் சிலையைப் பற்றியும் கேட்டதுபோல் தெரியும். அடியில் இருக்கும் கேள்வி வேறு. எளிதில் கலப்படம் செய்யக்கூடிய ஒரு பொருளை, வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்கும் ஒருவரிடம் எந்த நம்பிக்கையில் வாங்கினார்கள்? அதற்கு விடை தெரிந்தால் சிலையும் புரியும், அந்த மூதாட்டியின் கண்ணீரும் புரியும்.

நான் பேசும் இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். பதினொரு ஆண்டுகள் ஸ்பெயினில் ஒரு தேன் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். தேனில் இருக்கும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணி, அது எந்தப் பூவின் தேன், எந்த நிலத்தின் தேன் என்று சொல்வது என் வேலை. ஆகவே தேனைப் பற்றிச் சொல்வதைத் துணிந்து சொல்வேன். நான் வரலாற்றாசிரியன் அல்லன். வீதி வணிகத்தைப் பற்றி நான் எழுதுவதில் பெரும்பகுதி, வார இறுதிகளில் அந்தக் கிராமங்களுக்குப் போய் முதியவர்களோடு உட்கார்ந்து கேட்டது. கேட்டதைப் பிறகு படித்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, நின்றதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் கேள்விக்கு ஐயமே இல்லாத பதில்: உண்மையான தொழில்தான். குவாதலஹாரா மாகாணத்தில், தலைநகர் மாட்ரிட்டுக்குக் கிழக்கே, அல்காரியா என்ற மேட்டு நிலத்தில் பென்யால்வெர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன் விற்கப் புறப்பட்டுப் போனவர்கள். அவர்களுக்கு மியெலேரோ என்று பெயர். அகராதி ஏற்கும் இன்னொரு வடிவம் மெலேரோ. மெலேரோ என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்களை இன்றும் ஸ்பெயின் முழுவதும் பார்க்கலாம். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தேனீ வளர்ப்பவர் கோல்மெனேரோ. 'கோல்மெனா' என்றால் தேனீப்பெட்டி. விற்பவர் மியெலேரோ. மாட்ரிட்டைச் சுற்றியிருக்கும் கோல்மெனார் வியேஹோ, கோல்மெனார் தே ஒரேஹா போன்ற ஊர்ப்பெயர்கள் வளர்த்தவர்களின் தடயம். வீதியில் கூவியவர் எல்லாரும் தேனீ வளர்த்தார்கள் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. சிலர் வளர்த்தார்கள். பலர் அக்கம்பக்கத்து ஊர்களில் தேனைக் கொள்முதல் செய்து, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன வணிகர்கள்.

அந்த நிலத்தைப் பார்த்தால் ஏன் தேன் என்பது விளங்கும். சுண்ணாம்புப் பாறை, வெட்டவெளி, கடுங்குளிர், கடுங்கோடை. கோதுமை ஓரளவு விளையும், ஒலிவம் கொஞ்சம் விளையும். மற்ற சரிவுகளில் ரோஸ்மேரி, தைம், காட்டு லாவெண்டர் ஆகிய மணமுள்ள புதர்கள்தான். மழை குறைந்த மண்ணில் வளரும் இந்தச் செடிகளின் தேனுக்குத் தனி மணம் உண்டு. வசந்தத்தில் ரோஸ்மேரி, கோடையில் லாவெண்டர் என்று இரண்டு அறுவடை கிடைக்கும். ஜூலை மாதம் பிரிவேகா பக்கம் ஊதாக் கடலாகத் தெரியும் லாவெண்டர் வயல்களைப் படத்தில் பார்த்துவிட்டு, பழைய தேன்காரர்களின் தேன் அங்கிருந்துதான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயல்கள் வாசனை எண்ணெய்க்காக 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயிரிடப்பட்டவை. மியெலேரோவின் வாளியில் இருந்தது, குன்றுகளில் தானாக முளைத்த 'எஸ்ப்ளியெகோ' என்னும் காட்டு லாவெண்டரின் தேன். அல்காரியா என்ற பெயரே அரபுமொழியில் சிற்றூரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதை மறுத்து, அரபு வருவதற்கு முந்தைய சொல் என்று வாதிடுபவர்களும் உண்டு. சொல்லின் மூலம் பற்றிய வழக்கு தீரவில்லை. ஆனால் "அல்காரியா" என்று சொன்னதும் ஸ்பெயினில் யாருக்கும் அடுத்து வாயில் வரும் சொல் தேன்தான்.

தொழில் நடந்த விதத்தை ஒரு முதியவர் எனக்குத் தன் சமையலறையில் நடித்தே காட்டினார். தந்தையோடு பத்து வயதில் தொடங்கி நாற்பது வயதுவரை நடந்தவர். அறுவடை முடிந்து, வயலில் வேலை ஓய்ந்த பிறகு இலையுதிர்காலத்தில் புறப்படுவார்கள். குளிர்காலத்தை வெளியூரில் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்புவார்கள். இரயில் வந்த பிறகு தேன் முன்னால் சரக்கு வண்டியில் போகும், ஆள் பின்னால் போவார். ஒரு நகரத்தில் மலிவான விடுதியில் அறை எடுத்துத் தேனை அங்கே இறக்கிவைத்துக்கொண்டு, காலையில் வாளியை நிரப்பிக்கொண்டு கிளம்புவார். தோளில் போட்ட இருபக்கப் பைக்கு 'அல்ஃபோர்ஹா' என்று பெயர். அதில் பாலாடைக்கட்டி, கொட்டைகள், சில சமயம் 'அர்ரோபே' என்னும் காய்ச்சிய திராட்சைச்சாறு. தேன் மட்டுமே விற்று வயிறு நிரம்பாது என்றார். எடை போட 'ரோமானா' என்னும் தூக்குக்கோல்: ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் நகரும் குண்டு.

அவர் செய்து காட்டியதில் எனக்கு மறக்காதது ஒன்று. குளிரில் தேன் உறைந்த நெய் மாதிரி இறுகியிருக்கும். மரக்கரண்டியைச் செங்குத்தாக இறக்கி, கால் வட்டம் திருப்பி, வெடுக்கென்று எடுத்தார். ஒரு துண்டு அப்படியே வந்தது. வீட்டுக்காரி நீட்டும் கிண்ணத்தை முதலில் வெறுமையாகத் தூக்கி எடை காட்ட வேண்டும், பிறகுதான் தேனைப் போட வேண்டும், குண்டை நகர்த்தும்போது கோலை அவள் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கோல் சமனில் நிற்பதோடு விடக்கூடாது. வாங்குபவர் பக்கம் ஒரு விரல் தாழ வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கொசுறு என்று சொல்வோமே, அதுதான். எல்லாம் முடிந்த பிறகு கரண்டியில் ஒட்டியிருப்பதை வழித்து, அந்த வீட்டுக் குழந்தையின் ரொட்டித் துண்டில் தடவுவார். "அந்தக் குழந்தை வளர்ந்து வீட்டுக்காரியாகும்போது நான் வருவேனோ, என் மகன் வருவானோ, வாசல் திறக்கும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்ட மூதாட்டி அப்படி ரொட்டி நீட்டிய குழந்தைகளில் ஒருத்தியாக இருந்திருக்கக்கூடும்.

இப்போது நம்பிக்கைக்கு வருகிறேன். பழைய மாட்ரிட்டில் வீதித் தொழில் ஒவ்வொன்றும் ஒரு நிலத்தோடு கட்டுண்டிருந்தது. தண்ணீர் சுமந்தவர்களில் வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ்காரர்களும் கலீசியாக்காரர்களும் அதிகம். கத்தி சாணை பிடிப்பவர் கலீசியாவின் ஊரென்ஸேக்காரர், வாயில் ஒரு சிறிய குழலை ஊதிக்கொண்டு வருவார். அந்த ஒலி இன்றும் சில தெருக்களில் கேட்கிறது. பாயும் ஓர்ச்சாத்தா என்னும் பானமும் விற்றவர்கள் வலென்சியாப் பக்கத்தவர். கிறிஸ்துமஸுக்குத் தேனும் பாதாமும் சேர்த்த 'துர்ரோன்' கொண்டுவருபவர் அலிகாந்தே மாகாணத்து ஹிஹோனா ஊர்க்காரர். இவர்களின் கூவலுக்கு 'ப்ரெகோன்' என்று பெயர். ஒவ்வொரு தொழிலுக்கும் தனி ராகம் இருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மாட்ரிட் கூவல்களை உருவப்படங்களாகச் செதுக்கி அச்சிட்டு விற்கும் வழக்கமே இருந்தது. தேன்காரரின் கூவலை நன்றாகக் கவனியுங்கள்: "தேன்" என்று மட்டும் அவர் கூவுவதில்லை. "அல்காரியாவின் தேன்" என்று கூவுகிறார். பொருளைவிட முக்கியமாக அவர் சொல்வது ஊரின் பெயரை. போட்டிருந்த உடையும் அதே வேலையைச் செய்தது. அந்த மேலங்கி நடு ஸ்பெயினின் காஸ்தில் பகுதி நாட்டுப்புற வணிகர்கள் பலரும் அணிந்ததுதான், தேன்காரருக்கே உரிய சீருடை அன்று. ஆனால் நகரத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால், "நான் இந்தத் தெருவில் பிறந்தவன் அல்லன், தேன் விளையும் இடத்திலிருந்து நேரே வருகிறேன்" என்று வாய் திறக்காமலே சொன்னதாக ஆகும். ஆக நீங்கள் பார்த்ததில் வேஷம் கொஞ்சம் உண்டுதான். வேஷத்தின் பங்கு தொழில் உயிரோடிருந்த காலத்திலேயே இருந்தது.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பி யாரும் ஏமாந்துவிடவில்லை. கலப்படம் அன்றும் இருந்தது. மக்களுக்கும் அது தெரியும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சொல்வதுபோலவே, தேனைக் கிளறுபவன் கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும் என்று ஸ்பானியரும் சொல்வார்கள். நம்பிக்கைக்குக் காரணம் திரும்ப வருவதுதான். அந்த முதியவர் சொன்னபடி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வழித்தடம் இருந்தது. ஒருவர் நடக்கும் தெருவில் அடுத்தவர் கூவமாட்டார். தடம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், சிலர் மகளுக்குச் சீதனமாகவும் கொடுத்தார்களாம். அதே ஆள், அதே மாதம், அதே வாசல். சென்ற ஆண்டு சர்க்கரைப்பாகு கலந்து விற்றிருந்தால் இந்த ஆண்டு கதவு திறக்காது. ஒரு கதவு மூடினால் அந்த மாடிப்படி முழுவதும் மூடிவிடும். அதைவிடப் பெரிய காவல் ஒன்றும் இருந்தது: ஒருவர் ஏமாற்றினால் "பென்யால்வெர்க்காரன் ஏமாற்றினான்" என்றுதான் பேச்சு வரும், ஊரே சோறு இழக்கும். எனவே ஊரே ஒவ்வொருவரையும் கவனித்துக்கொண்டது. ஊர்ப்பெயரை அடகு வைத்து நடந்த வணிகம் இது. சிலை வைக்கும் மரியாதை அங்கிருந்து வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

தேனுக்கு ஸ்பெயினில் இருக்கும் தொன்மை தனிக் கதை. அதையும் தேன்காரரையும் ஒரே கயிற்றில் கட்டுபவர்கள் அதிகம், அதனால் பிரித்துச் சொல்கிறேன். வலென்சியாவின் பிகோர்ப் அருகே ஒரு குகையில், கயிற்றைப் பிடித்து ஏறி, கையில் கூடையோடு தேன் எடுக்கும் மனித உருவம் சிவப்பு நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. சுற்றித் தேனீக்கள் பறக்கின்றன. சிலந்திக் குகை என்று பெயர். ஏறக்குறைய 8,000 ஆண்டுப் பழமை என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஓவியத்தின் வயதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, ஓவியம் தேனெடுப்பைக் காட்டுகிறது என்பதில் வேறுபாடு இல்லை. கார்கோரிஸ் என்ற பழங்கதை மன்னன்தான் தேன் சேகரிப்பைக் கண்டுபிடித்தான் என்று உரோமர் காலத்து எழுத்து ஒன்று கூறுகிறது. இது கதை. தென் ஸ்பெயினிலிருந்து மெழுகும் தேனும் கப்பலேறியதாகப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ குறித்திருப்பது வரலாறு. இன்றைய காதிஸ் நகரில் பிறந்த உரோம எழுத்தாளர் கொலுமெல்லா 1-ஆம் நூற்றாண்டில் தேனீ வளர்ப்பைப் பற்றி விரிவாக எழுதினார். இவை எல்லாம் தேன் அந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதைக் காட்டும். தெருவில் கூவிய மியெலேரோ இவர்களின் நேரடி வாரிசு என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

இடைக்காலத்துச் செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 13-ஆம் நூற்றாண்டில் தொலேதோ மலைக்காடுகளில் தேனீப்பெட்டி வைத்திருந்தவர்களைக் கொள்ளையர்கள் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். அரச காவல் அங்கே எட்டவில்லை. தேனீ வளர்ப்பவர்களும் வில்லாளிகளும் சேர்ந்து தாங்களே ஒரு காவல் சங்கம் அமைத்தார்கள். தொலேதோ, தலவேரா, சியுதாத் ரெயால் ஆகிய மூன்று ஊர்களிலும் அது வேரூன்றியது. பிடித்த கொள்ளையரை விசாரித்து அம்பெய்து கொல்லும் அதிகாரம்வரை அதற்குக் கிடைத்தது. 1835-இல்தான் அது கலைக்கப்பட்டது. தேனைக் காக்கத் தொடங்கிய அமைப்பு ஐரோப்பாவின் மிகப் பழைய ஊர்க்காவல்களில் ஒன்றாக அறுநூறு ஆண்டு நின்றது. இவ்வளவு பாடு தேனுக்காக மட்டும் இல்லை. தேவாலயத்தில் ஏற்றும் மெழுகுவத்தி தேன்மெழுகில் செய்ததாக இருக்க வேண்டும். பல இடங்களில் மெழுகு தேனைவிட அருமையான பொருள்.

சொற்களிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. 'மியெல்' என்பது இலத்தீனிலிருந்து வந்தது. ஆனால் தேன்காரர் தோளில் போட்ட அல்ஃபோர்ஹா அரபுச் சொல். அவர் விற்ற அர்ரோபே அரபு. பழைய எடை அளவான 'அர்ரோபா', சுமார் பதினொன்றரைக் கிலோ, அதுவும் அரபு. பக்கத்து மாகாணமான குவென்காவில் தேனும் பாதாமும் ரொட்டித்தூளும் சேர்த்துச் செய்யும் 'அலஹூ' என்ற இனிப்பின் பெயரும் அரபு. பொருள் உரோமருடைய சொல்லிலும், அதைச் சுமப்பதும் அளப்பதும் சமைப்பதும் முஸ்லிம் ஸ்பெயின் விட்டுச்சென்ற சொல்லிலும் நடந்திருக்கின்றன. இன்னொன்று: 1586-இல் அல்காரியாவின் வாசலில் இருக்கும் அல்கலா தே எனாரெஸ் நகரில் லூயிஸ் மெந்தெஸ் தே தோரெஸ் என்பவர் தேனீக்களைப் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். கூட்டின் தலைவன் ஆண் என்று அறிஞர் உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது பெண், முட்டையிடுவது அவள்தான் என்று முதன்முதலில் அச்சில் சொன்னவர் அவர்.

பேச்சு வழக்கில் தேன் எங்கும் ஒட்டியிருக்கிறது. நல்லது ஒன்றின்மேல் இன்னொரு நல்லது வந்தால், 'பணியாரத்தின்மேல் தேன்' என்பார்கள். 'ஓஹுவேலா' என்ற மெல்லிய பொரித்த பணியாரத்தின்மேல் தேன் ஊற்றி உண்பதிலிருந்து வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால், 'உதட்டில் தேனோடு நின்றுவிட்டான்' என்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்ற நம் பழமொழிக்கு அவர்களிடம் இருப்பது 'தேன் கழுதையின் வாய்க்காகப் படைக்கப்படவில்லை' என்பது. செர்வாந்தேஸ் எழுதிய 'தோன் கிஹோத்தே' நாவலில் வரும் பணியாள் சாஞ்சோ பான்சா இதைத் தன் மனைவியிடம் சொல்வான். அளவுக்கு மீறி இனிமையாகப் பழகினால் ஈ மொய்த்துத் தின்றுவிடும் என்றும் அவனே எச்சரிப்பான். அடுப்பங்கரைக்கு வந்தால் அந்தலூசியாவில் பொரித்துத் தேனில் தோய்க்கும் பெஸ்தீன்யோ, ஹிஹோனாவின் துர்ரோன், கத்தலோனியாவில் புதுப் பாலாடைக்கட்டியின்மேல் தேன் என்று பட்டியல் நீளும். அதை விட்டுவிடுகிறேன், நீங்கள் சாப்பிட்டே தெரிந்துகொள்வீர்கள்.

தொழில் ஏன் அழிந்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். முதல் அடி சர்க்கரை கொடுத்தது. 1880-களில் பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் ஸ்பெயினில் தொடங்கின. கரும்புச் சர்க்கரை தந்த குடியேற்ற நாடான கூபா 1898-இல் கைவிட்டுப் போனதும் அவை பெருகின. சர்க்கரை மலிந்ததும், அன்றாட இனிப்பாக இருந்த தேன் இருமலுக்கும் பண்டிகைக்கும் உரிய பொருளாகச் சுருங்கியது. இருந்தும் மியெலேரோ தாக்குப்பிடித்தார். அவரை வீழ்த்தியது 1950, 60-களின் கிராமக் காலியாக்கம். அல்காரியா இளைஞர்கள் மாட்ரிட் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிப் புட்டியில் அடைத்த தேன் கடை அலமாரிக்கு வந்தது. உணவுப்பொருளைத் திறந்த வாளியில் விற்பதற்குச் சுகாதார விதிகள் இடம்கொடுக்கவில்லை. கடைசியாக, கதவு தட்டினால் திறக்கும் வழக்கமும் போயிற்று. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்வாசலில் மின்பூட்டு வந்த பிறகு மூன்றாம் மாடிக் கதவை யார் தட்ட முடியும் என்று அந்த முதியவர் கேட்டார். பலர் மறைந்துவிடவில்லை, கடை வைத்தார்கள், தேன் அடைக்கும் நிறுவனம் தொடங்கினார்கள். பென்யால்வெர் வழி வந்த தேன் வணிகக் குடும்பங்கள் இன்றும் உண்டு.

மியெலேரோ வகித்த இடத்தை இன்று ஒரு முத்திரை வகிக்கிறது. குவாதலஹாரா, குவென்கா ஆகிய இரு மாகாணங்களில் வரையறுத்த பகுதியில் கிடைக்கும் ரோஸ்மேரித் தேன், காட்டு லாவெண்டர் தேன், பல பூத் தேன் ஆகியவற்றுக்கு மட்டும் 'மியெல் தே லா அல்காரியா' என்று பெயரிட உரிமை உண்டு. 1992-இல் இதற்கான விதிமுறை வந்தது. என் வேலை அங்கேதான் தொடங்கியது. பத்துக் கிராம் தேனை நீரில் கரைத்து, சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்போம். ரோஸ்மேரி மகரந்தம் ஆறு பள்ளங்களோடு, உரித்த ஆரஞ்சை மேலிருந்து பார்த்ததுபோல் இருக்கும். லாவெண்டருக்கும் ஆறு பள்ளம்தான். இரண்டையும் பிரிக்க அளவும் மேற்பரப்பின் வலைப்பின்னலும் பார்க்க வேண்டும். கண் பழக இரண்டு ஆண்டு ஆகும். குறைந்தது 300 துகள்களை எண்ணுவோம். இந்தச் செடிகள் தேனுக்கு மகரந்தத்தைக் குறைவாகவே தருவதால், சதவீதம் சிறியதாக இருந்தாலும் அதை ரோஸ்மேரித் தேன் என்றே ஏற்போம். துகள்களை எண்ணி எண்ணி நான் சொல்லிய ஒரே செய்தி: இது அந்த ஊர்த் தேன். வாளியோடு வந்தவர் கூவியதும் அதையேதான்.

"அந்தக் காலத்துத் தேன்தான் தேன்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. பழைய கூடுகள் மரப்பொந்து, தக்கைப்பட்டை, சாணம் பூசிய கூடை ஆகியவற்றால் ஆனவை. அடையை வெட்டிப் பிழிந்துதான் தேன் எடுப்பார்கள். மகரந்தம், மெழுகுத்துணுக்கு, சில சமயம் புகைவாடைகூட அதில் இருக்கும். மணம் கனத்தது, சுத்தம் குறைந்தது. இன்று சட்டகங்களைச் சுழற்றி எடுக்கும் தேன் தெளிவானது. எது உயர்ந்தது என்பது நாக்கின் வழக்கு. உறைந்த தேனைப் பற்றி மட்டும் தீர்ப்பே சொல்வேன். நம் ஊரில் தேன் உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று தூக்கி எறிகிறோம். ரோஸ்மேரித் தேன் இயல்பாகவே உறையும். 14 டிகிரிக்குப் பக்கத்தில் விரைவாக உறையும். மியெலேரோ குளிர்காலம் முழுவதும் உறைந்த தேனைத்தான் விற்றார். காகிதத்தில் ஊறுகிறதா, நாய் நக்குகிறதா, தீக்குச்சி எரிகிறதா என்ற சோதனைகள் எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கரும்பு, சோளப் பாகு கலந்தால் கரிம அணு வகைகளின் விகிதத்தைப் பார்க்கும் ஆய்வுக்கூடச் சோதனையில் அகப்படும். அரிசிப் பாகு அந்தச் சோதனைக்குத் தப்பும், அதற்கு வேறு கருவிகள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியாகி வந்த தேனில் எடுத்த 320 மாதிரிகளில் 147, அதாவது 46 சதவீதம், கலப்பட ஐயத்துக்கு உள்ளாயின. ஐயம் என்பது நிரூபணம் அன்று. ஆனாலும் ஒன்றியத்தில் அதிகத் தேனீப்பெட்டிகள், ஏறக்குறைய 30 இலட்சம், வைத்திருக்கும் ஸ்பெயினின் வளர்ப்பாளர்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும். கலவைத் தேனில் எந்தெந்த நாட்டுத் தேன் இருக்கிறது என்று பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று ஸ்பெயின் 2020-இல் அரசாணை போட்டது. எந்த நாட்டின் பங்கு எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விதியைத் திருத்தி, 2026 ஜூனில் நடைமுறைக்கு வரும்படி வைத்தது. அந்த முதியவரிடம் கேட்டிருந்தால், தேன் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது "எந்த ஊர்?" என்பதுதான் என்று ஐம்பது ஆண்டுக்கு முன்பே சொல்லியிருப்பார்.

நீங்கள் குவாதலஹாராவில் இருப்பதால் இரண்டு இடங்களுக்குப் போய்வாருங்கள். மார்ச் மாதம் பாஸ்த்ரானாவில் தேனீ வளர்ப்புச் சந்தை கூடும், 1980-களில் தொடங்கியது. வளர்ப்பவர்களிடமே நேராக வாங்கலாம், மூன்று வகையையும் வரிசையாக ருசி பார்க்கலாம்: முதலில் ரோஸ்மேரி, பிறகு லாவெண்டர், கடைசியில் பல பூ. மாற்றிச் சாப்பிட்டால் ரோஸ்மேரியின் மென்மை தெரியாது. பென்யால்வெரில் தேன்காரர் சிலையைப் பாருங்கள். அந்த ஊர் தான் மதிக்கும் ஒருவரைத் தேர்ந்து, தராசில் உட்காரவைத்து, அவர் எடைக்கு எடை தேன் கொடுத்துச் சிறப்பிக்கிறது. நம் கோயில்களில் துலாபாரம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே மனத்தில் பதியும்.

அந்த மூதாட்டியை மறுபடி பார்த்தால், அவர் வீட்டுக்கு வந்த தேன்காரர் எந்த மாதம் வருவார், ரொட்டியில் தடவிக்கொடுத்தாரா என்று கேளுங்கள். கேட்டதை இங்கே எழுதினால் நானும் படிப்பேன்.